எப்போது வரும் என்று தெரியாத தண்ணீர்

மும்பைத் துறைமுகத்தை ஒட்டி, ரே ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே, பழைய படகுத்துறை ஒன்றின் மேல் கௌலா பந்தர் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே முதலில் குடிசை போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். நிலம் துறைமுகக் கழகத்துக்குச் சொந்தம், அதாவது மத்திய அரசுடையது. அதனால் மாநகராட்சியின் பதிவேட்டில் அந்தக் குடியிருப்புக்கு இடமில்லை. பதிவு இல்லாததால் குழாயும் இல்லை. பதினைந்து வருடம் முன்பு ஆய்வாளர்கள் போனபோது, பூமிக்கடியில் ஓடும் தீயணைப்புக் குழாயில் மோட்டார் வைத்து இழுத்து, ரப்பர் டியூபில் தண்ணீர் விற்கும் ஆட்களை நம்பித்தான் ஊரே இருந்தது. மோட்டார் நின்றாலோ அதிகாரிகள் வந்து பறித்துக்கொண்டு போனாலோ அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

மருத்துவர் ராம்நாத் சுப்பராமனும் மும்பையின் ‘புக்கார்’ ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்களும் அங்கே 521 பேரிடம் விசாரித்து எழுதிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. விசாரித்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற கோளாறு இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த கணக்கு. தண்ணீர், கழிப்பறை, மின்சாரம், வீடு இடிபடும் பயம் என்று அந்த இடத்தில் குடியிருப்பதாலேயே வரும் கஷ்டங்களை ஒரே குறியீட்டு எண்ணாகத் திரட்டிப் பார்த்தார்கள். எண் ஏற ஏற மனநலம் இறங்கியது. வருமான வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு போகவில்லை. ஒரே அளவு சம்பாதிக்கிற இரண்டு பேரில், அன்றாடத் தேவைகளுக்கு அதிகம் அல்லாடுகிறவர்தான் அதிகம் நொந்து போயிருந்தார்.

மன அழுத்தம் என்றதும் நமக்கு வேலைப் பளுதான் ஞாபகம் வருகிறது. உடலியலும் மூளையியலும் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் கண்டறிந்தது அதைவிடக் குறிப்பானது. பாரம் எவ்வளவு என்பது ஒரு பங்குதான். அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதும், வந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உடம்பை மிக மோசமாக அரிக்கின்றன.

மும்பையின் தாராவியில் இட்லி அவிக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் அப்படிப் பல வீடுகள் உண்டு. முந்தின நாள் அரைத்த மாவு இரவெல்லாம் பொங்கி அண்டாவின் விளிம்புக்கு வந்திருக்கும். ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்திலேயே அடுப்பு பற்றும். ஈரத்துணி விரித்த தட்டில் மாவு ஊற்றி, அவித்து, கவிழ்த்து, துணியை உரித்து எடுத்து, விடிவதற்குள் அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கிவிட வேண்டும். பிறகு அந்த இட்லி சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் மாட்டுங்கா, சயான், வடாலா, செம்பூர் என்று போகும். ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டதும் கட்டடங்களிலிருந்து ஆட்கள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள்.

கடுமையான உழைப்பு, தூக்கமும் குறைவு. ஆனால் எத்தனை படி அரிசி, எத்தனை ஈடு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த வீட்டு அம்மாவின் கணக்கில் இருக்கிறது. கணக்கில் இருக்கிற பாரத்தைச் சுமக்க உடம்பு பழகிக்கொள்ளும். தண்ணீர் விடும் நேரத்துக்குக் குழாயைத் திறந்து, வெறும் காற்று மட்டும் சீறினால் அப்போது நடப்பது வேறு.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் இரண்டு வழியில் ஆணை அனுப்புகிறது. ஒன்று நரம்பு வழி. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்கு அது நொடியில் போய்ச் சேர்ந்து அட்ரினலினைக் கொட்ட வைக்கும். நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும், ஜீரணம் மட்டுப்படும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் எழுதிய புத்தகத்தில் விளக்கியது இதைத்தான்: எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடம்பு தயாராகும் நிலை. இரண்டாவது வழி மெதுவானது. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரீனலின் புறணியைத் தூண்ட, சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். எரிபொருள் குறையாமல் பார்த்துக்கொள்வதும், வீக்கத்தை அடக்குவதும், அப்போதைக்கு அவசரமில்லாத பழுதுபார்ப்பு வேலைகளைத் தள்ளிவைப்பதும் அதன் பொறுப்பு. கார்ட்டிசால் கெட்டது என்று சமூக ஊடகங்களில் சொல்லித் திரிகிறார்கள். அது இல்லாமல் நாம் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாது. தினமும் விழித்த அரை மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போய், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரவேண்டும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஆரோக்கியம்.

கேடு வருவது அது இறங்காமல் நிற்கும்போது. மான்ட்ரியலில் இருந்த ஹான்ஸ் செல்யே 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும், மருந்து கொடுத்தாலும் உள்ளே அதே மூன்று மாற்றங்கள்தான் தெரிந்தன: அட்ரீனல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. நெருக்கடி எதுவானாலும் உடம்பின் பதில் ஒன்றுதான் என்ற அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஒரு துறையே முளைத்தது. ஆனால் மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் காட்டி, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். எனவே எல்லா வியாதிக்கும் ‘டென்ஷன்’தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெருக்கடி பெரும்பாலும் தனியாக நோயை உண்டாக்குவதில்லை. வருகிற நோய்க்குக் கதவைத் திறந்து விடுகிறது.

இதற்குச் சான்றுகள் தெளிவாக இருக்கின்றன. ஷெல்டன் கோஹன் குழு 394 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், மன நெருக்கடி அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் தொற்று அதிகம் பிடித்தது. மறதி நோய் கண்ட உறவினரைக் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்கு, தோலில் வைத்த சிறு காயம் ஆற மற்றவர்களைவிடச் சுமார் ஒன்பது நாள் கூடுதலாக ஆனதை 1995இல் ஓஹியோவில் கண்டார்கள். இதயத்துக்கு வந்தால், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மாரடைப்புக்கான முக்கியக் காரணங்களில் புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு மன நெருக்கடியையும் வரிசையில் வைத்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53; மற்ற நாட்டவருக்குச் சுமார் 59. மாட்டுங்காவானாலும் மாம்பலமானாலும் நம் வீடுகள் பலவற்றுக்கு இந்த எண் தெரிந்த துக்கம்.

மூளைக்குள் நடப்பதைக் காட்டிய ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய மாணவர்களும் எலிகளைத் தினமும் இரண்டு மணி நேரம், பத்து நாள், அசைய முடியாமல் கட்டிப் போட்டார்கள். பிறகு இரண்டு இடங்களில் நரம்பணுக்களின் கிளைகளை நுண்நோக்கியில் அளந்தார்கள். ஒன்று ஹிப்போகாம்பஸ், நினைவுக்கும், இது ஆபத்தான இடம் இது பத்திரமான இடம் என்று பிரித்தறிவதற்கும் வேண்டிய பகுதி. இன்னொன்று அமிக்டலா; பயத்தின் இருப்பிடம். ஹிப்போகாம்பஸில் கிளைகள் சுருங்கியிருந்தன. நெருக்கடி மூளையைச் சுருக்கும் என்பது அதற்குள் தெரிந்த விஷயம்தான். அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன! நினைவு மெலியும்போது பயம் கொழுக்கிறது. 2002இல் இது வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் சொன்னது இன்னும் கனமானது. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டார்கள். ஹிப்போகாம்பஸ் தேறிக்கொண்டது. அமிக்டலா தேறவில்லை, எலிகளின் பயமும் தணியவில்லை. நெருக்கடி தீர்ந்த பிறகும் ஏன் ஒருவர் கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிடுகிறார் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. “எல்லாம் சரியாப் போச்சே, இன்னும் என்ன பயம்?” என்று வீட்டில் கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது தெரியாமையின் விஷயத்துக்கு வருவோம். ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜே வைஸ் இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு, ஒரே எண்ணிக்கையில் மின் அதிர்ச்சி கொடுத்தார். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன் ஒரு ஒலி எழும். எச்சரிக்கை இல்லாத எலிக்கு இரைப்பைப் புண் பல மடங்கு அதிகம். வலி ஒன்றுதான். எப்போது வராது என்று தெரிந்த எலியால் இடையில் இளைப்பாற முடிந்தது. மற்றது ஒவ்வொரு நொடியும் காத்துக்கொண்டே இருந்தது. இந்தச் சோதனைகளைப் படிக்க மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் அந்த எலி சொன்னதை மனிதர்களும் சொன்னார்கள். 2016இல் லண்டனில் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் கல்லைப் புரட்டச் சொன்னார்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் சிறு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தபோது, நிச்சயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது தவித்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பில் இருந்தபோதுதான் உச்சமாகத் தவித்தார்கள்.

தாராவியில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பாதிக்குப் பாதி இருபது வருடத்து வாழ்க்கை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போய், சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பி வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 2004இல் அரசு மறுசீரமைப்புத் திட்டம் கொண்டுவந்தது. டெண்டர் விடுவதும் ரத்தாவதுமாக ஆண்டுகள் போயின. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது; 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காகிதம் காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் நிபந்தனை வேறு, இடமும் வேறு. திட்டம் நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். உடலியல் சொல்வது ஒன்றுதான்: கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் எண் ஒட்டிவிட்டுப் போன பிறகு, வீடு என்ன ஆகும் என்று தெரியாமல் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் உடம்பு விலை கொடுக்கிறது. யாருக்கு எந்த வீடு, எந்தத் தேதியில் என்பதைச் சீக்கிரம் எழுத்தில் சொல்வதை நான் மருத்துவ நடவடிக்கையாகவே கருதுகிறேன்.

கையாலாகாத நிலை என்ன செய்யும் என்பதைப் பிரிட்டன் அரசு அலுவலகங்களில் பார்த்தார்கள். 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், இதய நோயால் இறந்த வீதம் கடைநிலை ஊழியர்களிடம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைபிடித்தல் முதலியவற்றைக் கழித்தாலும் பெரும்பகுதி மிஞ்சியது. பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் இதய நோய் என்ற பேச்சை அது தகர்த்தது. மைக்கேல் மார்மட்டும் அவரது குழுவினரும் தொடர்ந்து தோண்டியபோது தட்டுப்பட்ட முக்கியக் காரணம், தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாமல் இருப்பது.

பணத் தட்டுப்பாடு புத்தியையே பிடித்துக்கொள்ளும் என்பதற்கான சான்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் காட்டிலிருந்து வந்தது. 464 விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்த நேரத்திலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும், ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்தார்கள். அதே ஆள், அதே தலை. பணம் வருவதற்கு முன் தெளிவாகக் குறைந்த மதிப்பெண். ஆனந்தி மணியும் மூன்று சகாக்களும் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டார்கள். ஏழைகள் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள் என்று பேசுவோருக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. யோசிக்கும் இடத்தை வட்டியும் வாடகையும் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கின்றன. தாராவிப் பெண்கள் சீட்டுப் போடுவதில் பணத்தைவிடப் பெரிய லாபம் இது: அவசரத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு முன்கூட்டியே ஒரு பதில் இருக்கிறது.

அப்படியானால் மனத் திடம் எங்கிருந்து வருகிறது? 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை புகழ்பெற்றது. எதைச் செய்தும் அதிர்ச்சியை நிறுத்த முடியாமல் இருந்த நாய்களில் பல, பின்னர் எளிதாகத் தப்பும் வழி கிடைத்தபோதும் படுத்தே கிடந்தன. கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்று இருவரும் எழுதினார்கள். மையர் பிறகு மூளையியல் படித்து, பல வருடம் எலிகளில் அந்தச் சுற்றுகளைத் தேடினார். 2016இல் இருவரும் சேர்ந்து தங்கள் கோட்பாட்டையே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் சுருண்டு படுப்பது பாலூட்டிகளின் மூளையில் பிறப்பிலேயே இருக்கும் எதிர்வினை, யாரும் கற்பதில்லை. கற்பது மற்றதைத்தான்: நான் செய்ததால் இது நின்றது என்பதை. அதை உணர்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி. ஒருமுறை உணர்ந்தால், அடுத்த நெருக்கடியிலும் அது கீழே எழும் பீதியை அடக்குகிறது.

துவண்டு கிடப்பவரை “மனசைத் தளர விடாதே” என்று அதட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது. அவருக்கு வேண்டியது, தன் கையால் ஒரு காரியம் நடந்தது என்ற அனுபவம். ரேஷன் கார்டில் பெயர் சேர்ந்தது, வார்டு ஆபீசில் கொடுத்த மனுவுக்கு ரசீது கிடைத்தது, குடிக்கிற கணவனின் கையில் போகாமல் சம்பளம் தன் வங்கிக் கணக்கில் விழுந்தது. சிறியவைதான். மூளைக்கு இவை சிறியவை அல்ல.

இன்னொன்று, உடன் ஒரு ஆள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, சண்டை, குடி என்று எல்லாம் கூடிய வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது, பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை, கைவிடாத பெரியவர் ஒருவர்: பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரரோ.

மூச்சுப் பயிற்சிக்கும் பலன் உண்டு. 2001இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில் ஜெபமாலையும் மந்திரமும் சொல்ல வைத்து அளந்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறாக இறங்கி, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்பெற்றது. மூச்சை விடுவதை நீட்டினால் இதயம் நிதானப்படும். நடையும் தூக்கமும் பேச்சும் கூட உதவும். இவற்றைச் செய்யுங்கள். ஆனால் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரிந்தபோது மாநகராட்சி அங்கிருப்பவர்களிடம் நுரையீரலைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தது, பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவியது, தனிமைப்படுத்த இடமும் சாப்பாடும் கொடுத்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பாராட்டியது. மன நலத்துக்கும் அதே மாதிரியான அக்கறை சாத்தியம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ எதிலும் பிடிப்போ இல்லாமல் போனால், உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும், தாமதிக்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால், சயான் ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ‘ஸ்நேஹா’ அமைப்பு தாராவியிலேயே பெண்களுக்கு ஆலோசனையும் சட்ட உதவியும் தருகிறது.

மனநல மருத்துவர்கள் போதாது என்பது உண்மைதான். அதற்கு வழி இருப்பதை விக்ரம் படேலும் கோவாவின் ‘சங்காத்’ அமைப்பும் காட்டிவிட்டார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்ல. சில வாரப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவின்படி, அரசு நிலையங்களில் அவர்களிடம் வந்த நோயாளிகளில் ஆறு மாதத்தில் மூன்றில் இருவர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு நாலு பேர்தான். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் தமிழும் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசும் படித்த பெண்களுக்குக் குறைவில்லை. மாநகராட்சியின் சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அவர்களில் ஒருவருக்குப் பயிற்சியும், ஒரு மேசையும், மாதம் தவறாத சம்பளமும் கொடுத்தால் போதும், இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.